பலாங்கொடை மனிதனை வாசித்தவர் எத்தனை பேர்?

சென்ற தவணையில் எங்கள் ஆசிரியர் ஓய்வறைக்கு மூன்று வட்ஸ்அப் செய்திகள் வந்து சேர்ந்தன. மூன்றும் ஒரே விடயத்தைப் பற்றியவை; மூன்றும் ஒன்றையொன்று மறுத்தன. பலாங்கொடை மனிதனின் டீ.என்.ஏ. கிடைத்துவிட்டது, அவன் சிங்கள மக்களின் மூதாதை என்று விஞ்ஞானம் நிரூபித்துவிட்டது என்றது ஒன்று. அதே மரபணு தமிழரிடமும் உள்ளது, ஆகவே இந்நாட்டின் ஆதிக்குடி தமிழரே என்றது அடுத்தது. மூன்றாவது இன்னும் சுருக்கமானது: பலாங்கொடை மனிதனே இந்தியாவிலிருந்து வந்தவன்தான், ஆகவே யாரும் யாரையும் வந்தேறி என்று சொல்ல வேண்டாம். இந்த மூன்றாவதை எங்கட ஆக்கள் கொஞ்சம் கூடுதலான சந்தோஷத்தோடு பகிர்ந்தார்கள். நானும் ஒருவருக்கு அனுப்பினேன், மறைக்க என்ன இருக்கிறது.

மூன்று செய்திக்கும் மூலம் ஒரே ஒரு ஆய்வுக்கட்டுரை. அதை அனுப்பியவர்களில் யாரும் வாசித்திருக்கவில்லை. நானும் அப்போது வாசித்திருக்கவில்லை.

ஜப்பானிய மனிதப் பிறப்புரிமையியல் சங்கத்தின் 'ஜேர்னல் ஒஃப் ஹியூமன் ஜெனற்றிக்ஸ்' என்ற ஆய்விதழின் 2023ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான குறுங்கட்டுரை அது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்குகொண்டது. சில பக்கங்கள்தான். இலங்கையின் இரண்டு குகைத்தளங்களில் கிடைத்த, வரலாற்றுக்கு முற்பட்ட வேட்டுவச் சமூகத்தைச் சேர்ந்த இருவரின் எலும்புகளிலிருந்து இழைமணி டீ.என்.ஏ.யின் முழு வரிசையை எடுத்திருக்கிறார்கள். எங்கள் போன்ற வெப்பமும் ஈரமும் கூடிய நாட்டில் பழைய எலும்பில் டீ.என்.ஏ. தங்குவதே அரிது. ஆகவே இது உண்மையில் பெரிய காரியம். இந்நாட்டின் ஆதிமனிதரிடமிருந்து இப்படி ஒரு வரிசை கிடைத்தது இதுவே முதல் தடவை.

எங்கள் ஊருக்கும் இதற்கும் உள்ள தொடர்பை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பி.ஈ.பி. தெரணியகல இந்த ஆதிமனிதருக்கு ஹோமோ சேப்பியன்ஸ் பலாங்கொடென்சிஸ் என்று பெயரிட்டதிலிருந்து, உலகத் தொல்லியல் நூல்களில் பலாங்கொடை என்பது ஊர்ப்பெயராக மட்டும் இல்லாமல் ஒரு மனிதனின் பெயராகவும், ஒரு பண்பாட்டின் பெயராகவும் இருக்கிறது. குருவிட்டைக்குப் பக்கத்துப் பட்டதொம்பலென, புலத்சிங்களப் பக்கத்துப் பாஹியன்கல, பெல்லன்பெந்திபெலஸ்ஸ என்று அந்த மனிதனின் எலும்புகள் பல இடங்களில் கிடைத்தன. கல்தொட்டைப் பக்கத்துக் கூரகலவிலும் கிடைத்தன. தொல்லியலாளருக்கு அது கூரகல. எங்களுக்கு அது ஜெய்லானி. ஒரே பாறைக்கு இரண்டு பெயர் இருக்கும் இடத்தில், யார் முந்தி வந்தது என்ற கேள்வியை ஆய்வுகூடத்துக்கு உள்ளே மட்டும் வைத்திருக்க முடியாது. அதனால்தான் அந்த வட்ஸ்அப் செய்திகளை வெறும் பொழுதுபோக்கு என்று என்னால் விட முடியவில்லை.

உயர்தர வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒரு பிள்ளை போனிலேயே அந்தக் கட்டுரையின் பக்கத்தைத் தேடி எடுத்துவிட்டாள். எடுத்தவள் கட்டுரையைப் பார்க்கவில்லை. தலைப்புக்குக் கீழே இருந்த எண்களைப் பார்த்தாள். இத்தனை பேர் திறந்து பார்த்தனர், இத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின, 'அல்ட்மெட்ரிக்' இத்தனை. "டீச்சர், இவ்வளவு பெரிய விஷயம் எண்டு சொல்றாங்க, இதுக்கு இவ்வளவு பேர்தானா ஈக்கி?" என்று கேட்டாள். அந்த எண்களை நான் இங்கே தரவில்லை. இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது அவை மாறியிருக்கும். ஆனால் அவளுடைய கேள்வி என்னை விடவில்லை. அந்த எண் எதை எண்ணுகிறது? எண்ணப்படுகிறவர்கள் யார்? இக்கட்டுரை அதைப் பற்றியது.

வாசிப்பை அளக்கும் ஆசை இன்று நேற்று வந்ததல்ல. தமிழருக்கே அதில் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்து, கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகிய எஸ்.ஆர்.ரங்கநாதன் 1948இல் இங்கிலாந்தில் நடந்த மாநாடு ஒன்றில் நூலகத் தொழிலுக்கும் ஓர் அளவையியல் வேண்டும் என்று முன்மொழிந்தார். 'லைப்ரமெட்ரி' என்று அதற்குப் பெயரும் வைத்தார். ஆனால் 1931இல் அவர் எழுதிய ஐந்து விதிகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், அவருடைய கவலை எண்ணிக்கையல்ல, ஒவ்வொரு நூலும் தனக்குரிய வாசகனிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே. பின்னர் அமெரிக்காவில் யூஜின் கார்ஃபீல்ட் 1964இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டபின் ஒரு கட்டுரையின் மதிப்பு, அதைப் பிறகு எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டின என்பதால் அளக்கப்படலாயிற்று. மேற்கோள் வர வருடக்கணக்காகும். அதுவரை பொறுமை இல்லை. 2010 ஒக்டோபரில் ஜேசன் பிரீம் முதலிய நால்வர், இணையத்தில் ஒரு கட்டுரையைச் சுற்றி நடக்கும் பேச்சையும் எண்ண வேண்டும் என்று ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். அடுத்த வருடம் லண்டனில் அல்ட்மெட்ரிக் என்ற கம்பனியே தொடங்கப்பட்டது.

அதன் அடையாளம் பல நிறமுள்ள ஒரு வட்டம். வடைக்கு நடுவில் ஓட்டை இருப்பதுபோல. ஓட்டைக்குள் ஓர் எண். செய்தி ஊடகத்தில் வந்தால் சிவப்பு, டுவிட்டரில் வந்தால் இளநீலம் என்று நிறங்கள். எல்லாப் பேச்சுக்கும் ஒரே மதிப்பு இல்லை. கம்பனியே வெளியிட்ட கணக்கின்படி செய்தி ஊடகத்தில் ஒரு தடவை வந்தால் 8, வலைப்பதிவில் 5, விக்கிப்பீடியாவில் 3, முகநூலின் பொதுப்பக்கத்தில் வந்தால் கால். இது கவனத்தின் அளவே தவிர தரத்தின் அளவல்ல என்றும் அவர்களே சொல்கிறார்கள். அந்த நேர்மையைப் பாராட்ட வேண்டும். ஆனால் எண் ஒன்று முன்னால் நின்றால் பின்னால் நிற்கும் எச்சரிக்கையை யார் பார்க்கிறார்?

இனி எங்கள் ஊருக்கு வருவோம். அந்த மூன்று வட்ஸ்அப் செய்தியும் எத்தனை குழுக்களுக்குப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியாது. எனக்கே வெவ்வேறு குழுக்களிலிருந்து பல தடவை வந்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் அவை எதுவும் இல்லை. வட்ஸ்அப் மூடிய வெளி. அதை யாரும் வெளியிலிருந்து எண்ண முடியாது. முகநூலிலும் தனிப்பட்ட கணக்குகளில் எழுதுவது எண்ணப்படுவதில்லை. கட்டுரையின் இணைய முகவரியோ அடையாள எண்ணோ இல்லாமல், 'விஞ்ஞானிகள் கண்டுபிடித்துவிட்டார்கள்' என்று தமிழிலோ சிங்களத்திலோ எழுதினால், அதைக் கட்டுரையோடு சேர்த்துப் பார்க்க வழியில்லை. பள்ளிவாசல் முற்றத்தில் பேசினால், தேயிலைத் தோட்டத்து லயக்காம்பராவில் பேசினால், பன்சலையில் பேசினால் சொல்லவே வேண்டாம். யாரைப் பற்றிய கட்டுரையோ அவர்களுடைய பேச்சு முழுவதும் கணக்குக்கு வெளியே நிற்கிறது. கணக்கில் வருவது பெரும்பாலும் ஆங்கிலம் தெரிந்த, இணைப்போடு பகிரத் தெரிந்த ஒரு சிறு கூட்டம்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இதே பலாங்கொடை மனிதனைப் பற்றி, 2019 பெப்ரவரியில் 'நேச்சர் கொம்யூனிகேஷன்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. பாஹியன்கல குகையில் சுமார் 45,000 வருடங்களுக்கு முன் வாழ்ந்தவர்கள் மழைக்காட்டில் குரங்கையும் அணிலையும் எப்படித் திறமையாக வேட்டையாடினார்கள் என்று சொன்னது. அதன் பின்னால் ஜெர்மனியின் மெக்ஸ் பிளாங்க் நிறுவனம் நின்றது. அந்த நிறுவனத்தின் செய்தி அறிக்கை உலக ஊடகங்களுக்குப் போயிற்று. செய்தி ஒன்றுக்கு 8 வீதம் கூட்டுங்கள். நல்ல கட்டுரை, நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணில் எவ்வளவு கட்டுரைக்கு உரியது, எவ்வளவு செய்தி அறிக்கை எழுதிய அலுவலகத்துக்கு உரியது? கொழும்பு ஆய்வாளருக்கு அப்படி ஓர் அலுவலகம் இருந்தால் இரண்டு இழைமணி வரிசைகளும் வேறு எண்ணைப் பெற்றிருக்கும். கட்டுரையில் ஓர் எழுத்தும் மாறியிராது.

எங்கள் இலக்கிய உலகத்தவருக்கு இது புதிதா என்ன? புத்தக வெளியீட்டு விழாக்களை நினைத்துப் பாருங்கள். முதற் பிரதி ஒரு புரவலர் பெறுவார். சிறப்புப் பிரதிகள் இன்னும் இருபது பேர் பெறுவார்கள். படம் பத்திரிகையில் வரும். அச்சிட்டது 500; மண்டபத்தில் விற்றது நூறோ நூற்றைம்பதோ. எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதைப் பாடசாலை நூலகத்தில் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் இரவல் சீட்டைப் பார்த்தால் ஓரளவு தெரியும். நான் பார்த்திருக்கிறேன். விழாவில் பொன்னாடை போர்த்தப்பட்ட நூல்களில் பலவற்றின் சீட்டில் ஒரு திகதி முத்திரைகூட இல்லை. (என்னுடைய கவிதைத் தொகுதியிலும் இல்லை.) அல்ட்மெட்ரிக் வட்டம் எண்ணுவது பெரும்பாலும் முதற் பிரதி பெற்றவர்களை. இரவல் சீட்டை அது பார்க்கவில்லை.

எண்ணிக்கையை வைத்து நம்பகத்தன்மையை முடிவுசெய்வது பற்றி எங்கள் மரபில் பெரிய சிந்தனை இருந்திருக்கிறது. ஹதீஸ் கலை வல்லுநர் 'முதவாத்திர்' என்ற வகையை ஏற்றபோது அங்கே எண்ணிக்கைக்கு இடம் உண்டு: பெருந்தொகையினர் அறிவித்த செய்தி. ஆனால் நிபந்தனை என்ன? அந்தப் பெருந்தொகையினர் எல்லோரும் கூடிப்பேசிப் பொய்யுரைத்தார்கள் என்று எண்ணவே இடமிருக்கக்கூடாது. அந்தத் தொகை ஒவ்வொரு தலைமுறையிலும் இருக்கவேண்டும். அந்த அளவுக்கு எட்டாத அறிவிப்பென்றால் அறிவிப்பாளர் ஒவ்வொருவராக எடுத்து ஆராய்வார்கள். நினைவாற்றல் எப்படி, நாணயம் எப்படி, யாரிடம் கேட்டார், அவரை உண்மையில் சந்தித்தாரா. ஆயிரம் பேர் ஒருவரின் வாயிலிருந்து கேட்டதையே திருப்பிச் சொன்னால் அது ஆயிரம் அறிவிப்பு அல்ல, ஒன்றுதான். ஒரு டுவீட்டை நானூறு பேர் மறுபகிர்வு செய்வதை இந்தக் கண்ணால் பாருங்கள். அவர்களில் கட்டுரையைச் 'சந்தித்தவர்' எத்தனை பேர்? சனத் அறிவிப்பாளரைக் கேள்வி கேட்பதற்காக வந்தது. வட்டம் அறிவிப்பாளரைத் தலையெண்ணுவதோடு நின்றுவிடுகிறது.

கவனம் குறைந்ததால் கட்டுரை சிறியதாகாது என்பதற்கு இந்தத் துறையின் முதல் கட்டுரையே சாட்சி. கிரகோர் மெண்டல் 1865இல் புரூன் நகரத்தில் பட்டாணிச் செடி பற்றித் தன் ஆய்வை வாசித்தார், 1866இல் அச்சாயிற்று. 40 தனிப்பிரதிகள் எடுத்து அறிஞர்களுக்கு அனுப்பினார். ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. 1900இல், அவர் மௌத்தாகிப் பதினாறு வருடத்துக்குப் பிறகு, மூன்று நாட்டு ஆய்வாளர் தனித்தனியே அதைத் திரும்பக் கண்டுபிடித்தார்கள். அன்று வட்டம் இருந்திருந்தால் 34 வருடம் நடுவில் பூச்சியமாகவே நின்றிருக்கும். மறுபக்கம், தடுப்பூசிக்கும் ஓட்டிசத்துக்கும் முடிச்சுப்போட்ட கட்டுரையை 1998இல் வெளியிட்ட 'லான்செட்' 2010இல் அதை மீளப்பெற்றது. அதற்குக் கிடைத்த கவனத்துக்குக் குறைவே இல்லை. புகழ்ந்தவரும் மறுத்தவரும் ஒரே கணக்கில்தான் சேர்வார்கள்.

சரி, வாசிப்பு என்றால் என்ன? எங்கள் சமூக வரலாற்றில் இருந்தே ஒரு வாசகரைச் சொல்கிறேன். 1888இல் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றி ஒரு கட்டுரை வாசித்தார். சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மாத்திரம் வேறுபட்டவர் என்பது அதன் சாரம். அதற்கு ஐ.எல்.எம்.அப்துல் அஸீஸ் எழுதிய மறுப்பு 1907இல் நூலாக வந்தது. பத்தொன்பது வருடம்! இன்றைய கணக்கில் அது இராமநாதன் கட்டுரைக்குக் கிடைத்த ஒரு மேற்கோள், அவ்வளவுதான். ஆனால் அஸீஸ் அந்தக் கட்டுரையின் வாதத்தை ஒவ்வொன்றாக எடுத்து, சான்றைத் திருப்பிப் பார்த்து, பதில் எழுதினார். அவருடைய முடிவு முழுவதையும் இன்று ஏற்கிறோமா என்பது வேறு பேச்சு. அவர் வாசித்தார். இராமநாதனுக்கு அவரைவிடக் கவனமான வாசகர் கிடைத்திருக்க மாட்டார்.

அந்த அளவுகோலை வைத்து நான் இந்தக் குறுங்கட்டுரையின் சுருக்கத்தை வாசித்தேன். சொல்வது இதுதான். இருவரின் தாய்வழி மரபுக்குழுக்கள் எம்18ஏ, எம்35ஏ. முதலாவது இன்றைய சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்திய வம்சாவளித் தமிழர் ஆகியோரிடையே குறைந்த அளவில் காணப்படுகிறது. இரண்டாவது இலங்கையின் எல்லா மக்களிடமும் காணப்படுகிறது, ஒப்பளவில் சிங்களவரிடம் கூடுதலாக. இரண்டு குழுக்களும் இந்தியாவில் கிளைத்தவை. தென்னாசியாவுக்கு வெளியே அரிது. நாலைந்து வாக்கியம். இப்போது அந்த மூன்று வட்ஸ்அப் செய்திகளைத் திரும்பப் பாருங்கள். ஒருவர் 'சிங்களவரிடம் கூடுதலாக' என்ற துண்டை மட்டும் கிழித்தெடுத்தார். அடுத்தவர் 'தமிழர்' என்ற சொல்லை எடுத்தார். நாங்கள் 'இந்தியா'வை எடுத்தோம். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சொல் வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டோம்.

நிறுத்தாமல் வாசித்தவருக்கு வேறு கேள்விகள் வரும். இழைமணி உம்மாவிடமிருந்து மட்டும் வருவது. உம்மா, உம்மாவின் உம்மா, அவருடைய உம்மா என்ற ஒற்றைக் கோடு. பத்துத் தலைமுறை பின்னுக்குப் போனால் ஒருவருக்கு 1024 மூதாதையர் இடம் உண்டு. இழைமணி காட்டுவது அதில் ஒருத்தியை. மற்ற 1023 பேரைப் பற்றி அது வாய் திறக்காது. பத்துத் தலைமுறைக்கே இப்படியென்றால் ஆயிரக்கணக்கான வருடத்துக்கு? இரண்டு பேரின் ஒற்றைக் கோட்டை வைத்து ஓர் இனத்துக்கு உறுதிப்பத்திரம் எழுத முடியாது. கட்டுரையாளர்களும் எழுதவில்லை.

எங்கள் சமூகத்துக்கு இதில் தனியான கேள்வி ஒன்றும் இருக்கிறது. இதே ஆய்விதழில் 2014இல் வந்த இன்னொரு கட்டுரை, இலங்கை இனங்களின் இழைமணி வரலாற்றை 271 பேரின் மாதிரிகளைக் கொண்டு ஆராய்ந்தது. வேடர், மலைநாட்டுச் சிங்களவர், கரைநாட்டுச் சிங்களவர், இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர். ஐந்து குழு. சோனகர் இல்லை. அதைக் கண்டு கோபப்பட்டு ஒரு கண்டன அறிக்கை எழுதலாம்; அதற்கும் ஒரு வட்டம் கிடைக்கும். ஆனால் நாங்களே எங்கள் தாய்வழியைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறோம்? வாப்பாவின் வாப்பா எந்தத் துறைமுகத்தில் இறங்கினார் என்று குடும்பக் கதை வைத்திருக்கிறோம், யெமன், காயல்பட்டினம், கீழக்கரை என்று. அவர் கலியாணம் முடித்த பெண் யார், எந்தக் கிராமத்தவள் என்று கேட்டால் வீட்டில் பதில் இல்லை. எங்கள் மூத்தம்மாவின் உம்மாவுடைய பெயரை நான் எங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டேன். "ஆதம்பிள்ளைட பொண்சாதி" என்றார்கள். அவளுடைய இழைமணிதான் என் உடம்பில் இருக்கிறது.

இப்படி ஒரு கேள்வி ஒருவருக்கு வந்ததை எந்த அளவை பதியும்? நான் கட்டுரைப் பக்கத்தைத் திறந்தேன். அது ஓர் எண் கூடியிருக்கும். அதே நாளில் தவறுதலாகத் திறந்து மூடியவருக்கும் ஓர் எண். இந்தச் சஞ்சிகையில் நான் எழுதும் இந்தக் கட்டுரைக்கு அடையாள எண் இல்லை. ஆகவே இது அந்த வட்டத்தில் கால் புள்ளியாகவும் சேராது. இலங்கையின் தமிழ்ச் சஞ்சிகைகளில் விஞ்ஞானத்தைப் பற்றி எழுதப்படும் எதற்கும் இதே கதிதான். எங்கள் பல்கலைக்கழகங்களிலும் பதவி உயர்வுக்கு எண்களைப் பார்க்கும் வழக்கம் வந்துவிட்ட நிலையில் இது சின்ன விடயமல்ல. தன் மக்களின் மொழியில் தன் ஆய்வை விளக்கி எழுத ஒரு விஞ்ஞானி ஒரு வாரம் செலவழித்தால், அந்த வாரம் கணக்கில் இல்லை. ஆங்கிலத்தில் ஒரு டுவீட் இருக்கும்.

அளவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பரீட்சைத் தாள் திருத்துகிறவளுக்கு அப்படிச் சொல்ல வாயுமில்லை. மேற்கோளுக்காகப் பத்து வருடம் காத்திருக்க முடியாத இளம் ஆய்வாளருக்கு அந்த வட்டம் ஒரு கைவிளக்கு. தன் கட்டுரையை எங்கே யார் தூக்கிப் பேசுகிறார் என்று போய்ப் பார்க்கலாம், பிழையாகப் பேசினால் திருத்தலாம். பார்க்கப் போவதற்கு அது உதவும். போகாமலே தீர்ப்புச் சொல்லத்தான் பெரும்பாலும் பயன்படுகிறது.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வகுப்பில் நான் பதில் சொல்லவில்லை. சுருக்கத்தை அச்செடுத்துக் கொடுத்து, நாலு பேராகச் சேர்ந்து தமிழாக்கச் சொன்னேன். விஞ்ஞானப் பிரிவுப் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டார்கள். இரண்டு பாடவேளை போயிற்று. பெரும்பகுதி முடிந்தது. இந்தியாவோடு சேர்ந்துவரும் ஒரு சொல்லில் நின்றுவிட்டார்கள். 'இந்தியாவிலிருந்து வந்தவை' என்று எழுதினாள் ஒருத்தி. வந்தவை என்றால் ஆட்கள் வந்ததுபோல ஆகிறது, கட்டுரை ஆட்களைச் சொல்லவில்லை, மரபுக்குழுவைச் சொல்கிறது என்றான் விஞ்ஞானப் பிரிவுக்காரன். 'இந்தியாவில் தோன்றியவை' என்றால் அதுவும் கூடிப்போகிறது என்றாள் மற்றவள். 'கிளைத்தவை' என்று நான் மேலே எழுதியது அவர்கள் கடைசியாகக் கொண்டுவந்த சொல். அதுவும் சரியா என்று இன்னும் வாக்குவாதம் நடக்கிறது.